உடம்பில் கீறல் இல்லை, மனக்காயத்துக்கு யார் பொறுப்பு? விமானப் பயணிகளும் ஒரு பழைய சட்டச் சொல்லும்

2024 அக்டோபர் 11, ஆயுதபூசை நாள். அன்று மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில், மேலே ஏறிய கொஞ்ச நேரத்திலேயே ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு. உடனே இறங்கவும் வழியில்லை. டாங்க் நிறைய எரிபொருள், அந்தக் கனத்தோடு தரை தொடுவது ஆபத்து. அதனால் 141 பேரைச் சுமந்துகொண்டு திருச்சி வானத்தைச் சுற்றி இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வட்டமடித்து எரிபொருளைத் தீர்த்தது. கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்சுகளும் தயாராக நின்றன. தமிழ்நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. இரவு எட்டேகால் வாக்கில் விமானம் பத்திரமாக இறங்கியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அந்தச் செய்தி வந்ததும் எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிட்டோம். ஆனால் இப்படி ஒரு விமானத்திலிருந்து இறங்கியவர் ஒருவருக்கு அடுத்த மூன்று மாதம் தூக்கமே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடினால் விமானம் சாய்ந்து திரும்புகிற உணர்வு. மிக்ஸி சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. வளைகுடாவில் வேலை இருக்கிறது, ஆனால் திரும்பவும் விமானம் ஏற முடியவில்லை. வேலை போகிறது. மனநல மருத்துவருக்கும் மருந்துக்கும் கைக்காசு கரைகிறது. இந்த இழப்புக்கு விமான நிறுவனம் பொறுப்பேற்குமா?

பெரும்பாலான நாடுகளின் நீதிமன்றங்கள் இதுவரை சொல்லியிருக்கும் பதில், இல்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மட்டும் 2022க்குப் பிறகு பதில் மாறியிருக்கிறது. ஏன் இப்படி என்று புரிய, கொஞ்சம் அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

## எந்தச் சட்டம் இதில் பேசுகிறது?

ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பறக்கும் பயணி காயமடைந்தாலோ இறந்தாலோ, இழப்பீட்டை முடிவு செய்வது அநேகமாக மான்ட்ரியல் உடன்படிக்கைதான். 1999இல் கையெழுத்தானது. அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது 1929ஆம் ஆண்டின் வார்சா உடன்படிக்கை. இந்தியா மான்ட்ரியல் உடன்படிக்கையில் 2009இல் சேர்ந்தது. 1972ஆம் ஆண்டின் வான்வழிப் போக்குவரத்துச் சட்டத்துக்கு மூன்றாவது அட்டவணையாக அது இணைக்கப்பட்டது. சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் எல்லாம் இதில் உறுப்பு நாடுகள். ஆகவே திருச்சி–ஷார்ஜா, சென்னை–சிங்கப்பூர் பயணங்கள் இதன் கீழ்தான் வருகின்றன.

இந்த உடன்படிக்கை பயணிக்குச் செய்யும் பெரிய நன்மை ஒன்று உண்டு. விமான நிறுவனத்தின் மேல் தவறு இருந்தது என்று பயணி நிரூபிக்க வேண்டியதில்லை. விபத்து நடந்தது, காயம் பட்டது, இவ்வளவு இழப்பு என்று காட்டினால் போதும். ஒரு பயணிக்கு 1,51,880 எஸ்.டி.ஆர். வரை நிறுவனம் 'நாங்கள் கவனமாகத்தான் இருந்தோம்' என்று சொல்லித் தப்ப முடியாது. 2024 டிசம்பர் 28 முதல் இதுதான் வரம்பு. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. டாலர், யூரோ, யுவான், யென், பவுண்டு ஆகிய ஐந்தின் மதிப்பை வைத்துக் கணக்கிடுகிறார்கள். மேலே சொன்ன தொகை சுமார் 2 லட்சம் டாலர். அதற்கு மேல் கேட்டால், தன் பக்கம் அலட்சியம் இல்லை என்று நிரூபித்து நிறுவனம் விலகிக்கொள்ளலாம்.

இந்தத் தொகை தானாகக் கைக்கு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. 2010 மே 22இல் மங்களூர் விபத்தில் 158 பேர் இறந்த பிறகு, இது குறைந்தபட்சமாகக் கொடுத்தே ஆக வேண்டிய தொகையா என்ற கேள்வி கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஆம் என்றார் தனி நீதிபதி. 2011இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, இழப்பு எவ்வளவோ அதை நிரூபித்தே வாங்க வேண்டும் என்றது.

## உள்ளே நுழைய நான்கு வாசல்கள்

உடன்படிக்கையின் 17ஆம் பிரிவில் பயணியின் மரணம், காயம் பற்றிய பகுதி ஒரே ஒரு நீள வாக்கியம்தான். அதைப் பிரித்துப் பார்த்தால் நான்கு நிபந்தனைகள் வரும்.

1. விபத்து நடந்திருக்க வேண்டும். விமானம் நொறுங்கினால்தான் விபத்து என்று இல்லை. பயணியின் உடம்புக்கு வெளியே நடந்த, எதிர்பாராத அல்லது வழக்கத்துக்கு மாறான நிகழ்வு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இல் ஏர் பிரான்ஸ் வழக்கில் விளக்கம் சொன்னது. அந்தப் பயணிக்கு ஒரு காது கேட்காமல் போயிருந்தது; ஆனால் விமானத்தின் காற்றழுத்த அமைப்பு ஒழுங்காகவே வேலை செய்திருந்தது. அதனால் அது விபத்து இல்லை என்று ஆனது. மறுபக்கம், மயோர்காவிலிருந்து வியன்னாவுக்குப் போன விமானத்தில் சூடான காபி கொட்டி ஒரு குழந்தைக்குச் சுட்டபோது, அது விபத்துதான் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019இல் தீர்ப்புச் சொன்னது.

2. அது விமானத்துக்குள்ளோ, ஏறும்போதோ இறங்கும்போதோ நடந்திருக்க வேண்டும்.

3. பாதிக்கப்பட்டவர் பயணியாக இருக்க வேண்டும். விமானி, பணிப்பெண் வரமாட்டார்கள். அவர்களுக்குத் தொழிலாளர் சட்டம். 2025 ஜூன் 12இல் அகமதாபாத்தில் விமானம் விழுந்தபோது தரையில் இருந்த 19 பேரும் இறந்தார்கள். அவர்களின் குடும்பங்களும் இந்த உடன்படிக்கைக்கு வெளியேதான் நிற்கின்றன. அவர்களுக்கு உள்நாட்டுச் சட்டம்தான் வழி.

4. மரணம் அல்லது 'உடற்காயம்' ஏற்பட்டிருக்க வேண்டும்.

திருச்சி மாதிரியான சம்பவத்தில் முதல் மூன்று வாசலையும் பயணி தாண்டிவிடுவார் என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. நான்காவதில்தான் கதவு சாத்திக்கொள்கிறது. கொட்டிய காபிக்கு இழப்பீடு உண்டு, சாவை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த நேரத்துக்கு இல்லை என்று ஆகிறதே, எப்படி?

## கடலை நோக்கி இறங்கிய விமானம்

1983 மே 5. மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்குக் கிளம்பிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானத்துக்கு மூன்று எஞ்சின்கள். பராமரிப்பின்போது, எண்ணெய் கசியாமல் அடைக்கும் சின்ன ரப்பர் வளையங்களைப் போட மறந்துவிட்டார்கள். வழியில் ஒரு எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் விழுந்தது. அதை அணைத்துவிட்டு மயாமிக்குத் திருப்பினார்கள். பிறகு மற்ற இரண்டும் நின்றுபோயின. எஞ்சினே ஓடாத விமானம் அட்லாண்டிக் கடலை நோக்கி இறங்கத் தொடங்கியது. கடலில் இறங்கப்போகிறோம் என்று பயணிகளுக்கு அறிவித்தார்கள். உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, குனிந்து தலையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டிய நிமிடங்கள் அவை. கடைசி நேரத்தில் ஒரு எஞ்சின் உயிர்பெற்றது. மயாமியில் பத்திரமாக இறங்கினார்கள்.

பயணிகள் மன வேதனைக்காக வழக்குப் போட்டார்கள். கீழே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் அதைத் தள்ளியது.

காரணம் இரண்டு பிரெஞ்சுச் சொற்கள். வார்சா உடன்படிக்கையின் மூலம் பிரெஞ்சில் மட்டுமே எழுதப்பட்டது. அதில் இருந்தது 'லெசியோன் கார்ப்பரேல்', அதாவது உடலுக்கு நேர்ந்த காயம். 1929இல் அதை எழுதியவர்கள் மனக்காயத்தை மனதில் வைத்திருந்ததற்குத் தடயம் இல்லை என்றது நீதிமன்றம். விமானத் தொழில் தவழ்ந்துகொண்டிருந்த காலம் அது. நிறுவனங்கள் மூழ்கிவிடாமல் பொறுப்புக்கு ஒரு எல்லை போடுவதுதான் அன்றைக்கு நோக்கமாக இருந்தது. பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும், பி.டி.எஸ்.டி. என்று இன்று நாம் சொல்லும் மனநோய் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இடம்பிடித்ததே 1980இல்தான்.

சரி, 1929இல் தெரியவில்லை. 1999இல் புதிதாக எழுதும்போது தெரியுமே? தெரிந்தது. விவாதித்தார்கள். மனக்காயத்தையும் சேர்த்த வரைவு ஒன்று இருந்தது. கடைசியில் அந்தச் சொல் எடுக்கப்பட்டு, பழைய 'உடற்காயம்' மட்டும் தங்கியது. அதற்கு முன் 1971இல் குவாத்தமாலா நகரில் 'ஆளுக்கு நேர்ந்த காயம்' என்று அகலமான சொல்லைப் போட்டு ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். அது நடைமுறைக்கே வரவில்லை. ஆக, மனக்காயம் மறதியால் விடுபட்டதல்ல. இரண்டு முறை வாசல்வரை வந்து திரும்பியிருக்கிறது. விமான நிறுவனங்களின் வக்கீல்கள் இன்றும் முதலில் எடுத்துப்போடும் வாதம் இதுதான். கனமான வாதம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

## பயம் உடம்பில் இறங்கினால்?

நீதிமன்றங்கள் இதற்குள்ளேயே ஒரு இடுக்கு வைத்தன. மனம் பட்ட வேதனை உடம்பில் நோயாக வெளிப்பட்டால், அந்த நோய்க்கு இழப்பீடு கேட்கலாம்.

1970 செப்டம்பரில் கடத்தப்பட்ட, அமெரிக்காவின் டி.டபிள்யூ.ஏ. நிறுவன விமானத்தின் பயணிகள் ஜோர்டான் பாலைவனத்தில் நாள்கணக்கில் விமானத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தார்கள். 1974இல் நியூயார்க் நீதிமன்றம் சொன்னது: பயத்தால் தோலில் தடிப்பு வந்திருந்தால், உடல் மெலிந்திருந்தால் அதற்கு இழப்பீடு உண்டு, பயத்துக்கே இல்லை.

பிரிட்டனில் இதே கோட்டை 2002இல், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை ஒரே தீர்ப்பில் இரண்டு வழக்குகளை வைத்துப் போட்டது. ஒன்று, வட கடலில் மிதக்கும் எண்ணெய்த் தளத்திலிருந்து மோசமான வானிலையில் கிளம்பிய பிரிஸ்டோ நிறுவன ஹெலிகாப்டர். எஞ்சின்கள் நின்று, அது தளத்திலேயே திரும்ப இறங்கியது. உள்ளே இருந்த ஒருவருக்கு அந்த அதிர்ச்சியின் விளைவாக வயிற்றுப்புண் வந்தது. மற்றொன்று, கோலாலம்பூரிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போன கே.எல்.எம். விமானம். பக்கத்து இருக்கைக்காரர் தகாத முறையில் தொட்டதால் 16 வயதுப் பெண் ஒருவர் மனச்சோர்வு நோய்க்கு ஆளானார். வயிற்றுப்புண்ணுக்கு இழப்பீடு உண்டு என்றது தீர்ப்பு. அந்தப் பெண்ணின் மனச்சோர்வு உடற்காயம் இல்லை என்றது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனம் ஒப்பவில்லை. மருத்துவர்கள் உறுதிசெய்த நோய்தான் இரண்டும். ஒன்று வயிற்றில் தெரிந்தது, மற்றது தெரியவில்லை.

உடற்காயமும் மனக்காயமும் சேர்ந்தே வந்தால்? இங்கே அமெரிக்க நீதிமன்றங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. 1999இல் நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் ஒரு அமெரிக்கன் ஈகிள் நிறுவன விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஓடி, அங்கே பதித்திருந்த மென்மையான தடுப்புப் படுக்கையில் சிக்கி நின்றது. அந்த வழக்கில் 2004இல் வந்த தீர்ப்பின்படி, மனவேதனை அந்த உடற்காயத்திலிருந்தே கிளைத்ததாக இருக்க வேண்டும். முட்டி வலிக்கிறது, இனி நடக்க முடியாதோ என்ற கவலைக்குப் பணம் உண்டு. செத்துவிடுவோம் என்று நினைத்த பயத்துக்கு இல்லை. 2017இல் வேறொரு வட்டாரத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. அபுதாபியிலிருந்து சிகாகோ போன எத்திஹாட் விமானத்தில், இருக்கைப் பைக்குள் கைவிட்ட பயணியின் விரலில் ஊசி குத்தியது. குத்திய இடம் ஒரு புள்ளி. எந்த நோய் தொற்றியிருக்குமோ என்ற அச்சம்தான் பெரிது. உடற்காயம் என்று ஒன்று இருந்துவிட்டால், அதே விபத்தால் வந்த மனவேதனைக்கும் சேர்த்தே கேட்கலாம் என்றது அந்த நீதிமன்றம்.

ஆக, ஒரு சிராய்ப்பு இருக்கிறதா இல்லையா என்பதில் லட்சக்கணக்கான டாலர் தொங்குகிறது.

## மூளை உடம்பில் சேராதா?

பி.டி.எஸ்.டி.யை 'பயம் தெளியாமை' என்று சுருக்கிவிடக் கூடாது. உயிருக்கு ஆபத்தான அனுபவத்துக்குப் பிறகு நான்கு வகைத் தொந்தரவுகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் குலைக்கும்போதுதான் மருத்துவர்கள் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். அந்தக் காட்சி கேட்காமலேயே திரும்பத் திரும்ப வருவது. அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது. எண்ணங்களும் மனநிலையும் இருண்டுபோவது. எந்நேரமும் உடம்பு திடுக்கிடத் தயாராக இருப்பது. நெஞ்சு படபடப்பதும் வியர்ப்பதும் தூக்கம் போவதும் உடம்பில்தானே நடக்கின்றன?

இந்தக் கேள்வியை வக்கீல்கள் நீதிமன்றத்துக்கே கொண்டுபோனார்கள். 1999இல் மொன்டானா மாநிலத்தில் ஒரு நீதிபதி, பேரதிர்ச்சி மூளையில் ஏற்படுத்தும் வேதிமாற்றமும் உடற்காயமே என்றார். பிற நீதிமன்றங்கள் பின்தொடரவில்லை. ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் வருத்தமானது. 2009 நவம்பரில், சமோவாவிலிருந்து நோயாளியை ஏற்றி வந்த சிறிய விமானம் மோசமான வானிலையால் நார்ஃபோக் தீவில் இறங்க முடியாமல், எரிபொருளும் தீர்ந்துவர, இருட்டில் கடலில் இறங்கியது. ஆறு பேரும் பிழைத்தார்கள். அதில் இருந்த செவிலியர் ஒருவருக்கு உடற்காயங்களோடு கடுமையான பி.டி.எஸ்.டி.யும் வந்தது. விசாரணை நீதிபதி அதையும் உடற்காயமாகவே கணக்கில் எடுத்தார். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பகுதியை நீக்கியது. மூளை வேலை செய்யும் விதம் மாறியிருக்கிறது என்பது போதாது, மூளைக்கே பௌதிகமாகச் சேதம் என்று சான்று வேண்டும் என்றது. போதாக்குறைக்கு, ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் 2012இலேயே தன் உள்நாட்டுச் சட்டத்திலிருந்த அகலமான சொல்லை எடுத்துவிட்டு 'உடற்காயம்' என்று குறுக்கியிருந்தது.

ஒரு நோயாளி தன் மூளையில் எங்கே சேதம் என்று ஸ்கேனில் காட்ட வேண்டும் என்பது, மருத்துவம் இன்னும் சாதாரண ஆஸ்பத்திரியில் செய்து தராத ஒன்றைக் கேட்பது. நோயைக் கண்டறிவது நேர்முகப் பரிசோதனையால். நிரூபிக்கச் சொல்வது படத்தால். இதில் நியாயம் இல்லை என்றே நினைக்கிறேன்.

## வியன்னா வழக்கு: கோடு நகர்ந்தது

முன்னோடி என்று பார்த்தால் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம். 1976இல் உகாண்டாவின் என்டெபிக்குக் கடத்தப்பட்ட ஏர் பிரான்ஸ் விமானப் பயணிகளின் வழக்கில், மனக்காயத்துக்கும் இழப்பீடு உண்டு என்று 1984இலேயே சொன்னது. வெகுகாலம் அது தனித்து நின்றது.

2019 மார்ச் 1 அன்று லண்டனிலிருந்து வியன்னாவுக்குக் கிளம்பவிருந்த லாவ்டாமோஷன் விமானத்தில், ஓடுபாதையிலேயே இடது எஞ்சின் வெடித்தது. பயணிகள் அவசர வழியாக வெளியேறினார்கள். வலது எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் காற்று ஒரு பயணியைப் பல மீட்டர் தூக்கி எறிந்தது. அவருக்கு வந்தது பி.டி.எஸ்.டி., அதற்குச் சிகிச்சையும் எடுத்துக்கொண்டார். உடற்காயம் என்று எதுவும் உறுதிசெய்யப்படவில்லை. ஆஸ்திரிய உச்ச நீதிமன்றம் கேள்வியை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது.

2022 அக்டோபர் 20 அன்று பதில் வந்தது. உடற்காயத்தோடு தொடர்பில்லாத மனக்காயத்துக்கும் 17ஆம் பிரிவின் கீழ் இழப்பீடு கேட்கலாம். அதற்குப் பயணி காட்ட வேண்டியவை:

1. மருத்துவ அறிக்கையும், எடுத்துக்கொண்ட சிகிச்சையின் ஆவணங்களும்.
2. பாதிப்பு அவருடைய பொதுவான உடல்நலத்தையே தாக்கும் அளவுக்குக் கடுமையானது என்பது.
3. சிகிச்சை இல்லாமல் அது தணியாது என்பது.

நீதிமன்றத்தின் அடிப்படை எளிது. ஒரே விபத்தில் ஒரே அளவுக்கு நொறுங்கிய இருவரில் ஒருவருக்கு மட்டும் கொடுப்பது சமமாக நடத்துவது ஆகாது. அதே நேரம், பயந்துபோனேன் என்று சொன்னவர்கள் எல்லோருக்கும் கொடுத்தால் நிறுவனம் தாங்காது. அந்த இரண்டுக்கும் நடுவே சல்லடையாக வைத்தது மருத்துவச் சான்றை. இதுவரை எழுதப்பட்டதில் இதுவே நல்ல அளவுகோல் என்பது என் கருத்து. சிராய்ப்பைத் தேடாமல் நோயைத் தேடுகிறது. பொய் வழக்குகள் குவியும் என்ற பழைய பயத்துக்கும் இதில் விடை இருக்கிறது. மாதக்கணக்கான சிகிச்சைப் பதிவுகளைப் பொய்யாக உருவாக்குவது, முட்டி வலிக்கிறது என்று பொய் சொல்வதைவிடச் சுலபம் இல்லை.

ஆனால் இந்தத் தீர்ப்பு ஐரோப்பிய ஒன்றிய நாடுகளை மட்டுமே கட்டுப்படுத்தும். பிரெக்சிட்டுக்குப் பிறகு பிரிட்டனைக்கூட இல்லை.

## நம்மூர் நீதிமன்றத்தில் வேறு வழி இல்லையா?

பக்கவழி தேடினால் 29ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். உடன்படிக்கை பொருந்தும் பயணத்தில், இழப்பீட்டை அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டு மட்டுமே கேட்க முடியும். தண்டனையாகக் கூடுதல் தொகையும் கிடையாது. 1999இல் இஸ்ரேலின் எல் அல் விமான நிறுவனத்தின் மீதான வழக்கில், பாதுகாப்புச் சோதனையில் அவமானப்பட்டதாகச் சொன்ன பயணியிடம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: உடன்படிக்கையின் கீழும் கிடையாது, உள்ளூர்ச் சட்டத்தின் கீழும் கேட்க முடியாது. மனக்காயம் பட்டவருக்கு இரண்டு கதவும் ஒரே நேரத்தில் மூடுகின்றன. இந்த விஷயத்தில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான். உடன்படிக்கைக்கு வெளியே விட்டுவிட்டாலாவது உள்நாட்டுச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் நுகர்வோர் ஆணையங்கள் 'மன உளைச்சல்' என்ற தலைப்பில் இழப்பீடு கொடுப்பது வழக்கமான ஒன்று. அதைப் பார்த்துவிட்டு விபத்து அதிர்ச்சிக்கும் அங்கேயே போகலாம் என்று தோன்றும். ஆனால் வெளிநாட்டுப் பயணத்தில் விமான விபத்து என்றால் நிறுவனம் 29ஆம் பிரிவைத்தான் காட்டும். உள்நாட்டுப் பயணங்களுக்கும் அரசு அறிவிக்கை வழியாக இதே அமைப்பு சில மாற்றங்களோடு பொருந்துகிறது.

2020 ஆகஸ்ட் 7 அன்று துபாயிலிருந்து வந்த விமானம் கோழிக்கோட்டில் மழையில் ஓடுபாதையைத் தாண்டிச் சரிவில் விழுந்து உடைந்தது. 190 பேரில் 21 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் 169 பேர். கால் உடைந்தவருக்கு எலும்பு முறிவின் எக்ஸ்ரே இருந்தது. காயம் குறைவாகப் பட்டு, உடைந்த விமானத்துக்குள் இருட்டில் சத்தங்களைக் கேட்டபடி கிடந்தவருக்கு எந்த எக்ஸ்ரே?

இதில் இந்தியச் சட்டத்தின் இன்னொரு முகத்தையும் பார்க்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவரை உடல்நோய் உள்ளவருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. மருத்துவக் காப்பீடும் இரண்டுக்கும் ஒரே அடிப்படையில் இருக்க வேண்டும் என்று 21ஆம் பிரிவு எழுதியே வைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலும் இன்ஷூரன்ஸிலும் மனமும் உடம்பும் சமம் என்று நாடாளுமன்றம் முடிவு செய்த பிறகு, விமானத்துக்குள் மட்டும் 1929ஐப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமா? 'உடற்காயம்' என்ற சொல்லுக்கு வியன்னா வழக்கின் பொருளைக் கொடுக்க இந்திய நீதிபதி ஒருவருக்குத் தேவையான அடித்தளம் இந்தச் சட்டத்தில் இருக்கிறது.

## சட்டத்துக்கு வெளியே நிறுவனங்கள் கொடுப்பது

2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் கடும் காற்றுக் கொந்தளிப்பில் சிக்கி பாங்காக்கில் இறங்கியது. ஒருவர் இறந்தார். ஐந்து வினாடிக்கும் குறைவான நேரத்தில் 178 அடி இறங்கியது. பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள். நிறுவனம் பிறகு அறிவித்தது: சிறு காயம் பட்டவர்களுக்கு 10,000 அமெரிக்க டாலர்; பெரிய காயம் என்றால் தனியாகப் பேசுவோம், உடனடிச் செலவுக்கு முன்பணம் 25,000 அமெரிக்க டாலர்; டிக்கெட் பணம் எல்லோருக்கும் திருப்பித் தரப்படும். வேகமாகவும் கண்ணியமாகவும் செய்தார்கள். ஆனால் தொகை காயத்தின் அளவோடு கட்டப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். பக்கத்து இருக்கைக்காரர் கூரையில் மோதுவதைப் பார்த்தவர், பெல்ட் போட்டிருந்ததால் அடிபடாதவர், அவருக்கு டிக்கெட் பணமும் தாமதத்துக்கான தொகையும்தான்.

அமெரிக்காவின் உள்நாட்டுப் பயணங்களுக்கு மான்ட்ரியல் பொருந்தாது. மாநிலச் சட்டங்கள் பேசும். 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தில் கதவுக்கான இடத்தை மூடியிருந்த அடைப்பு நடுவானில் பிய்த்துக்கொண்டு போனபோது, பயணிகள் விமான நிறுவனத்தோடு போயிங் மீதும் மன அதிர்ச்சிக்காக வழக்குப் போட்டார்கள். இதில் ஒரு குறிப்பு நமக்கும் உண்டு. 17ஆம் பிரிவும் 29ஆம் பிரிவும் விமான நிறுவனத்தைப் பற்றியவை. விமானத்தைத் தயாரித்த நிறுவனத்தின் மீதான வழக்கை அவை கட்டிப்போடுவதில்லை.

## சம்பவத்துக்குப் பிறகு பயணி செய்ய வேண்டியவை

1. உடம்பை அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். பெல்ட் அழுத்திய தழும்பு, கழுத்துப் பிடிப்பு, காது அடைப்பு, எல்லாம் பதிவாகட்டும். ஒன்றுமில்லை என்று நீங்களே ஒதுக்கும் அந்தச் சின்னக் காயம்தான் பிறகு வழக்குக்கே கால் ஊன்றும் இடமாக இருக்கலாம்.

2. இரண்டு வாரம் கழித்தும் தூக்கம் வரவில்லை, காட்சி திரும்பத் திரும்ப வருகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ரசீது, மருந்துச் சீட்டு, விடுப்புக் கடிதம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். வெட்கப்பட எதுவுமில்லை, சிகிச்சைக்கு நன்றாகப் பலன் தருகிற நோய் இது. தமிழ்நாட்டில் அரசின் 104 எண்ணிலும், நாடு முழுதும் டெலிமானஸ் 14416 எண்ணிலும் இலவசமாகப் பேசலாம்.

3. வயிற்றெரிச்சல், ரத்த அழுத்தம், தோல் தடிப்பு என்று புதிதாக எது வந்தாலும் மருத்துவரிடம் சம்பவத்தைச் சொல்லி, தொடர்பு உண்டா என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

4. பணம் கொடுக்கும்போது நீட்டும் தாளில் 'முழுமையான, இறுதியான தீர்வு' என்ற பொருளில் ஏதாவது இருந்தால், வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

5. எங்கே வழக்குப் போடுவது என்பதே பாதி வழக்கு. நிறுவனத்தின் தலைமையிடம், டிக்கெட் வாங்கிய இடம், சேருமிடம் ஆகியவற்றோடு, சில நிபந்தனைகளின்படி பயணி நிரந்தரமாக வசிக்கும் நாட்டிலும் போடலாம். போகவர டிக்கெட் என்றால் சட்டப்படி சேருமிடம் கிளம்பிய ஊரேதான். ஐரோப்பிய நீதிமன்றம் ஒன்று உங்களுக்குத் திறந்திருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

6. கெடு இரண்டு வருடம். விமானம் சேர்ந்த நாளிலிருந்தோ, சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்தோ எண்ணிக்கை தொடங்கும். அதற்குள் வழக்குப் போடாவிட்டால் உரிமையே அழிந்துவிடும். பி.டி.எஸ்.டி. சிலருக்கு ஆறு மாதம் கழித்துத்தான் முழு வடிவம் எடுக்கும் என்பதை மருத்துவக் கையேடே சொல்கிறது. அதற்குப் பிறகு ஒருவர் தனக்கு நோய் என்று உணர்ந்து, வீட்டில் சொல்லி, மருத்துவரிடம் போய், சிகிச்சை எடுத்து, அதன் பிறகு வக்கீலைத் தேடுவதற்குள் அந்த இரண்டு வருடத்தில் பெரும்பகுதி கரைந்திருக்கும். அதனால் போர்டிங் பாஸையும் தேதியையும் முதல் நாளே எடுத்து வையுங்கள்.